உப்பு உண்டா?

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டு டாக்டர் நஸ்ரின் வாங்கிக் கொடுத்தது. முதல் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்: சங்கரவடிவு, ஸ்டாஃப் நர்ஸ். "பேஷன்ட்கிட்ட கத்தணும்னு தோணும்போது இதுல எழுதிடுங்க சிஸ்டர்" என்றார். நான் கத்துகிறேனாம். பதினொரு வருடமாக இந்த ஸ்கேன் சென்டரில் ஊசி போடுகிறேன். வந்து எட்டு மாதமான டாக்டருக்கு என் குரல் பெரிதாக இருக்கிறது. சரி, எழுதுகிறேன். பக்கம் போதாவிட்டால் அடுத்த நோட்டும் அவர்தான் வாங்கித் தர வேண்டும்.

என் வேலை இதுதான். எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்களில் சிலருக்குப் படம் தெளிவாக விழ, நடுவில் கான்ட்ராஸ்ட் ஊசி போட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு படிவம். கேள்வி கேட்பது, எடை பார்ப்பது, கையில் ஊசிக்குழாய் மாட்டுவது, மருந்து போட்டபின் அரை மணி நேரம் கண்ணெதிரே உட்கார வைப்பது எல்லாம் நான். மெஷினை ஓட்டுவது ஜெபசிங். படத்தைப் பார்த்து எழுதுவது டாக்டர். வேலை சுலபம். பதில் சொல்கிறவர்கள்தான் தொல்லை.

இன்று ஒரு டீச்சர். எடை ஐம்பத்தெட்டு என்றார். மெஷினில் ஏற்றினால் எழுபத்தொன்று. "உங்க மெஷின் தப்பா இருக்கும்" என்றார். மருந்தின் அளவே எடையைப் பார்த்துத்தான் என்றதற்கு, "அப்ப கொஞ்சமா போட்டுக்கிடுங்க" என்கிறார். பொரியலுக்குத் தேங்காயா போடுகிறோம்?

அடுத்து ஒரு பெரியவர். ஒவ்வாமை உண்டா என்றேன். கிடையாது. அலர்ஜி? கிடையாது. ஏதாவது சேராதா என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "கத்திரிக்கா சேராது, கருவாடு சேராது. போன வருசம் இதே ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. அது சூட்டு உடம்பு தாயி, அதான்." சூட்டு உடம்பாம். டாக்டரிடம் அனுப்பினேன். அவர் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் விசாரித்துவிட்டு இன்று ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'ஒவ்வாமை' என்று அச்சடித்த ஆளை இந்த ஊர்ப் பேருந்தில் ஒரு நாள் ஏற்றிவிட வேண்டும்.

போதாததற்கு, எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லை. இந்த ஒரு வருடமாகத்தான்.

மூட்டு வலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

போனை மாற்ற வேண்டும். இடது காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை, வலது காதில் வைத்தால் கேட்கிறது. இப்படி ஒரு போனை எந்தப் புண்ணியவான் செய்தானோ.

ஜெபசிங்கோடு இன்னொரு சண்டை. நாற்பதைத் தொடப்போகிறவன், நடக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பேச வேண்டியவன் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று பேசுகிறான். ஊசித் தட்டோடு திரும்பினால் வழியில் நிற்கிறான். "ஏன்டே சுத்திச் சுத்தி வார?" என்றால், "சும்மாதாங்கா" என்கிறான்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் பிரிட்ஜ் இரைகிறது. 'ஙொய்' என்று ஒரே ராகம். இவரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்க்கிறவர், பிரிட்ஜில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்று டிவி சத்தத்தைக் குறைத்தார். நான் கூட்டினேன். அவர் குறைத்தார். நான் கூட்டினேன். "ஏட்டி, தெரு முழுக்கச் செய்தி கேக்கணுமா?" என்றார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை.

மார்ச் 10, திங்கள்

எழுத்து கோணலாக விழுகிறது. கோபத்தில்தான்.

காலையில் ஆவுடையம்மாள் என்று ஒருவர், வயது அறுபத்தொன்று, சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம். தீராத தலைவலி. கான்ட்ராஸ்டோடு ஸ்கேன் எழுதியிருந்தது. மருமகன் கூட வந்தார். படிவத்தை அவரே வாங்கி, முதல் கேள்வியில் 'இல்லை' என்று எழுதி, கடைசிக் கேள்வி வரை கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு இல்லை என்று இருந்தால் நாங்கள் ரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. வழக்கம் அப்படி.

ஆனாலும் நான் கேட்டேன். இதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். அம்மாளைப் படுக்கவைத்து, குனிந்து நரம்பைத் தேடிக்கொண்டே, "கிட்னி கோளாறு ஏதும் உண்டா பெரியம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கிடையாது தாயி" என்றார். அப்புறம் ஏதோ முனகினார். எல்லோரும்தான் முனகுகிறார்கள். ஊசிக்குழாயை மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஊசி இல்லாத படங்கள் எடுக்க இருபது நிமிடம். முடிந்ததும் மேசை வெளியே வந்தது. மருந்தை ஏற்றிய சிரிஞ்சோடு உள்ளே போனேன். ஜெபசிங் பின்னாலேயே ஓடி வந்து, வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு, எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்றுவிட்டான்.

"அக்கா, பொறுங்க. இவிய உப்பு உண்டுன்னு சொன்னாவல்லா?"

"எப்ப சொன்னாவ?"

"நீங்க ஊசி மாட்டும்போது. நான் தலைமாட்டுலதான நின்னேன். உங்க காதுல விழுந்திருக்கும், ரிப்போர்ட் பாத்திருப்பியன்னு நெனச்சேன். இப்பதான் பாக்கேன், ஃபைல்ல ஒரு ரிப்போர்ட்டும் கிடையாது." பிறகு அம்மாளிடம் குனிந்து, "பெரியம்மா, உப்பு எத்தனை?" என்றான்.

"போன மாசம் நாலே கால் தம்பி. உப்பு டாக்டரு, இன்னும் ஏறுனா மிசின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணுங்காரு."

நாலே கால். இந்தப் பக்கத்தில் கிரியாட்டினினை உப்பு என்றுதான் சொல்வார்கள். சிறுநீரகம் கழிவை வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கவிடுவதற்கு அதுதான் அளவு. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது அவருக்கு நாலே கால். என் கையில் சிரிஞ்சு.

"கிட்னி கோளாறு கிடையாதுன்னியளே பெரியம்மா" என்றேன்.

"கிட்னி நல்லாத்தான் இருக்கு தாயி. உப்புதான் கூடிப்போச்சு."

இதற்கு நான் என்ன செய்ய? எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?

டாக்டர் வந்தார். கத்தவில்லை. சிரிஞ்சை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தார். எடுத்தவரைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுலயே தேவையானது தெரியுது. ஊசியே வேண்டாம்" என்றார். பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். இந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது ரொம்பவும் பழுதானவர்களுக்கு, சில வகை மருந்து உள்ளேயே தங்கித் தோலையும் மூட்டையும் இறுக்கிவிடும். அரிதுதான், ஆனால் வந்தால் போகாது. பாதுகாப்பான வகைகளும் உண்டு, அவசியமானால் அளவு பார்த்துப் போடலாம். ஆனால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போடக் கூடாது.

"நீங்க கேட்டீங்களா சிஸ்டர்?" என்றார்.

"கேட்டேன் டாக்டர். கிடையாதுன்னாவ."

ஜெபசிங் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல என்ன இருக்கிறது, நான் கேட்டது உண்மை.

மார்ச் 12, புதன்

புதுப் படிவம் நானே எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார், ஆனால் ஒரு வரியும் அடிக்கவில்லை. 'ஒவ்வாமை' போய் 'எதுவும் சேராதா, முன்பு ஸ்கேன் ஊசி போட்டு ஏதாவது செய்ததா' என்று வந்தது. 'சிறுநீரகக் கோளாறு' என்பதற்குக் கீழே, பெரிய எழுத்தில்:

உப்பு உண்டா? உப்பு டாக்டரிடம் போகிறீர்களா?

கூட வந்தவர் நிரப்பக் கூடாது, பேஷன்ட்டும் தானே நிரப்பக் கூடாது, நாங்கள் வாய்விட்டுக் கேட்டு எழுத வேண்டும் என்பது என் சட்டம். டாக்டர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மூட்டு வலி, இடுப்பு வலி என்று தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் நாளாவட்டத்தில் உப்பை ஏற்றிவிடுமாம். உண்மைதான். இந்த ஜனங்கள் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்கிறார்கள். மருந்துக்கடையில் பெயர் சொன்னால் போதும், சீட்டுக்கூடக் கேட்காமல் எடுத்துத் தருகிறான்.

எட்டு மணி நேரம் நின்றே வேலை. முழங்கால் வீங்கிவிட்டது. ராத்திரிக்கு ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளில் மூன்று பேர் 'உப்பு உண்டு' என்றார்கள். மூவரும் சிறுநீரகக் கோளாறு இல்லை என்றவர்கள். எனக்குக் கொஞ்சம் பெருமை. ஜெபசிங், "கேள்வி நல்ல கேள்விக்கா" என்றான். அப்புறம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் முனகல் நோய்.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, டிவி நின்றது. பிரிட்ஜ் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. எழுந்து போய் வயரைப் பிடுங்கினேன். இரைந்தது.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஜெபசிங்கோடு இனி பேச்சில்லை.

மதியம் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தான். "அக்கா, கோவப்படக் கூடாது. அந்தம்மா அன்னைக்கு முனகல. சத்தமாத்தான் சொன்னாவ."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"நீங்க கேட்டிய. அது உண்மைதான். ஆனா அவிய உங்க இடப்பக்கம் இருந்தாவ." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு தடவை காது டாக்டர்ட்ட காட்டுங்கக்கா. இன்னைக்கு நான் நின்னேன். நாளைக்கு லீவு போட்டுருந்தா?" என்றான்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புளிக்குழம்பு அப்படியே இருக்கிறது. எனக்குக் காது கேட்கவில்லையாம். எனக்கு.

மார்ச் 19, புதன்

ஆவுடையம்மாள் ரிப்போர்ட் வாங்க வந்தார். மூளையில் பயப்பட ஒன்றும் இல்லை, ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. முகம் கொடுக்க முடியாதபோது நான் அதட்டுவேன்.

"அன்னைக்கு நீங்க வாய்க்குள்ளயே சொன்னா எனக்கு எப்படி பெரியம்மா கேக்கும்?" என்றேன்.

"வாய்க்குள்ளயா?" என்றார். "வயக்காட்டுல கத்திப் பழகுன தொண்டை தாயி இது. வெளிய உக்காந்துருந்த ஆளுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வராந்தாவில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரிதான், அப்படி ஒரு தொண்டை.

மார்ச் 21, வெள்ளி

காது டாக்டரிடம் போக இவரும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. காலையில் கிளம்பும்போது பைக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்றேன். "டிவி சண்டைக்கு முன்னாடியே" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்தினேன். இடது காதுக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் வந்து, "ஓடிட்டுதான் மேடம் இருக்கு" என்றாள்.

இடது காதில் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் இப்படிப் போனால் நரம்பைப் பார்த்தாக வேண்டும். கான்ட்ராஸ்டோடு எம்.ஆர்.ஐ. என்று சீட்டில் எழுதினார் டாக்டர். எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டார். சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று டாக்டர் நஸ்ரின் சொன்னார். குறையவில்லை.

மார்ச் 24, திங்கள்

நாளைக்கு ஸ்கேன். எங்கள் சென்டரிலேயே.

மார்ச் 25, செவ்வாய்

தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, மெட்டியைச் சோப்புப் போட்டு உருவி, நீல கவுனில் நின்றேன். பதினொரு வருடமாக மற்றவர்களுக்கு மாட்டிவிட்ட கவுன். முதுகுப்பக்கம் இவ்வளவு காற்று வரும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

படிவம் மேசையில் இருந்தது. என் எழுத்து, என் கேள்விகள். பேனாவை எடுத்து முதல் கேள்வியில் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, பேனா கீழே ஒரே கோடாகக் கடைசிவரை போய்விட்டது. நிமிர்ந்தால் ஜெபசிங் நின்றுகொண்டிருந்தான். ஒரு வாரமாக அவனோடு பேச்சில்லை.

"பேஷன்ட் நிரப்பக் கூடாதுன்னு நீங்கதானக்கா சட்டம் போட்டிய."

அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று எடுத்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வலது பக்கம் வந்து உட்கார்ந்தான். ஒரு வருடமாக இவன் ஏன் சுற்றிக்கொண்டு வருகிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னிடம் அத்தனை ஏச்சு வாங்கியும் ஒரு நாளும் காரணம் சொல்லவில்லை, பாவி.

"எதுவும் சேராதாக்கா?"

"கிடையாது."

"உப்பு உண்டா? உப்பு டாக்டர்ட்ட போறியளா?"

"கிடையாது."

"மூட்டு வலிக்கு தினமும் மாத்திரை சாப்பிடுதியளா?"

அவன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான். 'இல்லை' என்று சொன்னால் எழுதிவிடுவான். என் பையில் அட்டை இருந்தது. காலையில் போட்டது போக நாலு பாக்கி.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எழுதிக்கொண்டான். ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஒன்று புள்ளி எட்டு.

"லேப் மெஷின் தப்பா இருக்கும்" என்றேன். சொல்லும்போதே அந்த எழுபத்தொரு கிலோ டீச்சர் ஞாபகம் வந்தார்.

டாக்டர் நஸ்ரின் வந்தார். அவரும் வலது பக்கம். "உப்பு கொஞ்சம் உண்டு சிஸ்டர். இன்னைக்கே மாத்திரையை நிறுத்துறீங்க, உப்பு டாக்டரைப் பாக்குறீங்க. ஸ்கேன் முதல்ல ஊசி இல்லாம எடுப்போம், காது நரம்பு அதுலயே நல்லா தெரியும். தேவைப்பட்டா மட்டும் மத்தது யோசிப்போம்" என்றார்.

உள்ளே அந்தச் சத்தம். வெளியே நின்று கேட்கும்போது சும்மா இருக்கும், உள்ளே படுத்தால் தகரக் கொட்டகைக்குள் ஆலங்கட்டி மழை. இரண்டு காதிலும் பஞ்சு. ஒரு காதுக்கு வீண்தான். அசையக் கூடாது என்று அத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். அழுதால்கூட அசையும் என்பது இன்று தெரிந்தது.

படத்தை டாக்டரே காட்டினார். இடது காது நரம்பில் ஒரு கட்டி, உளுந்து அளவு. இந்த இடத்தில் வருவது பெரும்பாலும் புற்று இல்லை, மெதுவாக வளரும், காது டாக்டரிடம் பேசிவிட்டு ஆறு மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றார். போன காது போனதுதான். ஊசி இன்று வேண்டாம்.

இனி கேள்வி கேட்கும் வேலை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "கேள்வியை நீங்களே கேளுங்க. பதிலை ஜெபசிங்கும் கேட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." படிவத்தின் அடியில் இரண்டாவதாக ஒரு கோடு போட்டார்.

அவர் எழுந்து போகப் போனார். எனக்கு உள்ளே பத்தாம் தேதியிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர், அன்னைக்கு நீங்க கேட்டீங்களான்னு என்கிட்ட கேட்டீங்க."

"ஆமா."

"கேட்டேன் டாக்டர். அவிய சொல்லவும் செஞ்சாவ. எனக்குத்தான் கேக்கல."

இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். டாக்டருக்குக் கேட்டுவிட்டது. என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

கவுனை மாற்றிக்கொண்டு வந்து, பையிலிருந்த மாத்திரை அட்டையை ஜெபசிங்கிடம் கொடுத்தேன். குப்பையில் போட்டான். அடுத்த பேஷன்ட் வந்துவிட்டார், எங்கோ வாசுதேவநல்லூர்ப் பக்கத்து ஆள், படிவத்தைத் தானே நிரப்பித் தருகிறேன் என்று பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு என்ன அவசரம், நாங்க கேப்போம், நீங்க சொல்லுங்க" என்று ஒரு அதட்டு அதட்டி உட்காரவைத்தேன். ஜெபசிங் வழக்கம்போல வழியை அடைத்துக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றான்.

"உப்பு உண்டா?" என்று கேட்டேன்.